மதுரையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

செகண்ட் ஹேண்டில் ஒரு மஸ்டாங் ஜிடியோ, போர்ஷே பாக்ஸ்டரோ, ஆடி டிடியோ வாங்கி மதுரையில் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "என்ஜின் லைட் எரியுது, ஒரு ஸ்கேனர் வாங்கி வச்சுக்கலாம்னு பார்க்குறேன், எது நல்லது?" ஸ்கேனர் என்பது காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணை, அதாவது கோடை, படிக்கும் கருவி. ஆன்லைனில் தேடினால் ஐந்நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, லட்ச ரூபாய்க்கும் கிடைக்கிறது, இரண்டிலும் எல்லா காருக்கும் பொருந்தும் என்றுதான் எழுதியிருக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரமான அடாப்டர் ஒன்று (காரின் சாக்கெட்டில், அதாவது போர்ட்டில், செருகி போனோடோ லேப்டாப்போடோ இணைக்கும் சின்னப் பெட்டி), அதோடு உங்கள் கார் கம்பெனிக்கென்றே எழுதப்பட்ட சாஃப்ட்வேர் ஒன்று. விலை குறைந்த அடாப்டரோ, பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய டேப்லெட்டோ, ஷோரூமை நம்பிச் சும்மா இருப்பதோ சிலருக்குச் சரியாக வரலாம், அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் வைத்துக்கொண்டு ஷோரூம் இல்லாத ஊரில் இருப்பவருக்கு இதைவிட உருப்படியான செலவு வேறு இல்லை என்பது என் கருத்து. போர்ஷேக்கு மதுரைக்குள் சர்வீஸ் கிடையாது. சென்னை கிட்டத்தட்ட 460 கிலோமீட்டர், கொச்சி 260 பக்கம். முன்பக்கம் தரையை ஒட்டி இருக்கும் காரைப் பிளாட்பெட் லாரியில் ஏற்றி அவ்வளவு தூரம் அனுப்பினால், அங்கே போனதும் முதலில் நடப்பது போர்ட்டில் ஒரு வயரைச் செருகி கோட் படிப்பதுதான். அந்த முதல் வேலையை வீட்டு வாசலிலேயே செய்துவிட முடியும்போது எதற்காக லாரி?

சரி, கருவிக்குப் போகும் முன் போர்ட்டைப் பார்த்துவிடலாம். வாங்கிய கருவி வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்குக் கோளாறு கருவியில் இருப்பதில்லை.

போர்ட் எங்கே இருக்கிறது

அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஓபிடி-2 கட்டாயமானது. கார் தன் கோளாறைத் தானே கண்டறிந்து பொதுவான மொழியில் சொல்லும் ஏற்பாடு அது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2. இறக்குமதியாகி வந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தியச் சட்டம் வரும் முன்பே இருந்தது. பதினாறு பின் கொண்ட, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய சாக்கெட். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கத்தில் இருக்கும். குடும்பக் காரில் குனிந்தாலே தெரிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கையும் தாழ்வு, பெடல் பகுதியும் இடுக்கு, அதனால் கதவைத் திறந்து வெளியே முட்டி போட்டு டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் எளிது. சில பிஎம்டபிள்யூக்களில் சாக்கெட்டின் மேல் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதில் ஓபிடி என்றே எழுதியிருக்கும். யூடியூபில் அமெரிக்கக்காரர் காட்டும் இடம் அவருடைய இடது கை ஓட்டும் காருக்கானது. நம் வலது கை ஓட்டும் காரில் அதே பக்கத்தில்தான் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், காரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

பழைய கார் என்றால் கதை வேறு. பிஎம்டபிள்யூ இசட்3-இல் என்ஜின் பகுதிக்குள் இருபது பின் வட்டச் சாக்கெட் இருக்கும். முதல் தலைமுறை மெர்சிடிஸ் எஸ்எல்கே-யில் முப்பத்தெட்டு பின் வட்டச் சாக்கெட், அதுவும் பானட்டுக்கு அடியில்தான். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 எங்காவது கண்ணில் பட்டால், அதில் என்ஜின் பகுதியில் ஒரு சின்ன கருப்புப் பெட்டி இருக்கும். இரண்டு முனைகளை ஒரு வயரால் இணைத்தால் செக் லைட் விட்டுவிட்டு எரிந்து கோடைச் சொல்லும், ஸ்கேனரே வேண்டாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பதினாறு பின் சாக்கெட் இருக்கிறது என்பதற்காக உள்ளே ஓபிடி-2 இருக்கிறது என்று பொருள் இல்லை. 2013க்கு முந்தைய இந்தியக் கார்களில் சாக்கெட் மட்டும் அந்த வடிவத்தில் வைத்து, கம்பெனியின் சொந்த மொழியில் பேசும் கார்கள் இருந்தன.

செருகும் முன் மல்டிமீட்டரால் ஒரு சோதனை. டவுன்ஹால் ரோட்டில் சாதாரண மீட்டர் வாங்கினாலே போதும். பதினாறாவது பின்னில் எப்போதும் பேட்டரி மின்சாரம் வரும், நான்காவது பின் பாடி எர்த், ஐந்தாவது சிக்னல் எர்த். நான்குக்கும் பதினாறுக்கும் இடையே என்ஜின் அணைந்திருக்கும்போது 12.4 முதல் 12.6 வோல்ட் வரை இருந்தால் பேட்டரியும் நன்றாக இருக்கிறது, போர்ட்டுக்கும் மின்சாரம் வருகிறது. ஒன்றுமே காட்டவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் ஓபிடி போர்ட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். யாரோ மலிவான போன் சார்ஜரைச் செருகி அதை எரித்திருப்பார்கள், நாம் புது ஸ்கேனர் செத்துவிட்டது என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருப்போம். ஆறாவது பின்னும் பதினான்காவது பின்னும்தான் கேன் இணைப்பு, அதாவது காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வயர்கள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இரண்டுக்கும் இடையே ஓம் பார்த்தால், என்ஜின் நெட்வொர்க் நேரடியாகப் போர்ட்டுக்கு வரும் கார்களில் அறுபது ஓம் பக்கம் காட்டும், ஏனென்றால் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கிறது. 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. நடுவில் கேட்வே, அதாவது நெட்வொர்க்கையும் போர்ட்டையும் பிரிக்கும் ஒரு கம்ப்யூட்டர், வைத்த கார்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மீட்டரின் தடித்த முனையைச் சாக்கெட்டுக்குள் அழுத்தித் திணிக்காதீர்கள், உள்ளே இருக்கும் தகடு விரிந்துவிட்டால் பிறகு எந்த ஸ்கேனரும் சரியாகப் பிடிக்காது. மெல்லிய ஊசி முனை போதும்.

ஐந்நூறு ரூபாய் அடாப்டர்

இது ஈஎல்எம் 327 என்ற பெயரில் வரும் நீல நிறச் சின்னப் பெட்டி. ஈஎல்எம் என்பது கனடா நாட்டுக் கம்பெனி, 2022இல் மூடிவிட்டார்கள். அவர்களுடைய முதல் சிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இல்லாததால் உலகம் முழுக்க நகல் பெருகியது. சந்தையில் 1.5 என்று அச்சிட்டு வருகிறதே, அந்தக் கம்பெனி 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. 2.1 என்று வருபவற்றில் பல, உள்ளே பாதிக் கட்டளைகள் இல்லாமல் வருகின்றன. ஐபோன் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சாதாரண புளூடூத் அடாப்டர் அதில் சேராது, வைஃபை அல்லது புளூடூத் லோ எனர்ஜி வகை வேண்டும்.

இத்தனை குறை சொன்னாலும் இதைக் குப்பை என்று நான் ஒதுக்க மாட்டேன். சட்டம் கட்டாயமாக்கிய பொதுவான தகவல்கள் எல்லாம் இதில் வரும், அந்தப் பொதுத் தகவலிலேயே நிறைய விஷயம் இருக்கிறது. கோட் மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுவதுதான் பெரிய வீண். கோட் பதிவான கணத்தில் என்ஜின் எத்தனை சுற்று ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் எத்தனை டிகிரி, ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருந்தது என்பதைக் கார் ஒரு படமாகப் பிடித்து வைத்திருக்கும், அதற்கு ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். அழிக்கும் முன் அதைப் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

அப்புறம் ஃபியூவல் டிரிம். என்ஜின் கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை விழுக்காட்டில் சொல்லும் எண் இது. மஸ்டாங்கின் ஐந்து லிட்டர் வி8-இல் பேங்க் 1, பேங்க் 2 என்று இரு பக்கத்துக்கும் தனித்தனியாக வரும். இரண்டும் சேர்ந்து ஏறி பி0171, பி0174 (அந்தந்தப் பக்கத்தில் காற்றுக்குப் பெட்ரோல் குறைவு என்ற கோடுகள்) இரண்டும் வந்தால், இரு பக்கத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று, அதாவது காற்று அளக்கும் மாஸ் ஏர்ஃபுளோ சென்சாரோ, உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவோ, பெட்ரோல் அழுத்தமோ. ஒரு பக்கம் மட்டும் என்றால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது. நம் ஊரில் இதில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால். தூய பெட்ரோலுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 14.7, இருபது விழுக்காடு எத்தனால் சேர்ந்தால் அது 13.5 பக்கம் இறங்கும். பழைய பெட்ரோலுக்கென்று கணக்குப் போட்டு வைத்த கார் இதில் ஓடும்போது எட்டு ஒன்பது புள்ளி வரை டிரிம் ஏறி நிற்பது இயற்கை. அதைப் பார்த்துப் பதறி இன்ஜெக்டர் மாற்றக் கிளம்ப வேண்டாம். பத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால்தான் கோளாறைத் தேட வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவருக்கு இந்த ஐந்நூறு ரூபாய்ப் பெட்டி அந்த ஒரு நாளிலேயே போட்ட காசைத் திருப்பித் தந்துவிடும். கோட் அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை முறை என்ஜின் சூடாகி ஆறியிருக்கிறது என்பதை நிறையக் கார்கள் தனியாக எண்ணி வைத்திருக்கும். விற்பவர் "ஒரு லைட்டும் எரியலண்ணே, சுத்தமான வண்டி" என்று சொல்லும்போது அந்த எண் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று காட்டினால், நேற்றுதான் யாரோ அழித்திருக்கிறார்கள். கூடவே ரெடினஸ் மானிட்டர்களைப் பாருங்கள், கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டுபவை அவை. கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்), ஆக்சிஜன் சென்சார், ஆவிக் கசிவுச் சோதனை எல்லாம் முடியவில்லை என்று காட்டினால் அதுவும் அதே செய்திதான்.

ஆனால் இது நிற்கும் இடம் எது? என்ஜின், சில கார்களில் கியர்பாக்ஸ், அவ்வளவுதான். ஏபிஎஸ், ஏர்பேக், மேற்கூரை மடங்கும் மோட்டார், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் கோணம் எதுவும் தெரியாது. ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் கை சுடும் செலவுகள் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

அடாப்டரும் கம்பெனி சாஃப்ட்வேரும்

ஒவ்வொரு கம்பெனிக்கும் பாதை வேறு, அதனால் ஒவ்வொன்றாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மஸ்டாங் என்றால் ஃபோர்ஸ்கேன். விண்டோஸ் லேப்டாப்பில் இலவசமாக ஓடும், போனுக்கு லைட் பதிப்பு விலைக்குக் கிடைக்கும், அமைப்புகளை மாற்ற மட்டும் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஃபோர்டு கார்களில் ஆறு-பதினான்கு பின்களில் வேகமான கேன், மூன்று-பதினொன்று பின்களில் நடுத்தர வேகக் கேன் என்று இரண்டு பாதைகள். சாதாரண அடாப்டர் மூன்றையும் பதினொன்றையும் தொடவே தொடாது, அதனால் வசதி சார்ந்த சின்னக் கம்ப்யூட்டர்களில் பல அதன் கண்ணுக்கே படாது. இரண்டுக்கும் இடையே தானே மாறிக்கொள்ளும் அடாப்டர் வேண்டும், ஓபிடிலிங்க் ஈஎக்ஸ், வீலிங்கர் எஃப்எஸ் இரண்டும் அதற்காகவே செய்தவை, இரண்டும் யூஎஸ்பி வயர் வகை. சுவிட்ச் வைத்துக் கையால் மாற்றும் நகல்களும் உண்டு, ஆனால் நடுவில் சுவிட்சைத் தட்டிக்கொண்டு வேலை பார்ப்பது எனக்குப் பிடிக்காது, முக்கியமாகக் காரின் கம்ப்யூட்டரில் எதையாவது மாற்றி எழுதும்போது. ஃபோர்டு 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இங்கே வந்த மஸ்டாங் இறக்குமதிதான் என்றாலும், மஸ்டாங்கைக் கையாண்டு பழகிய ஆளைத் தேடுவது அதற்குப் பிறகு இன்னும் கடினமாகிவிட்டது, அதனால் இந்தக் காருக்கு ஃபோர்ஸ்கேன் இல்லாமல் இருப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

போர்ஷே பாக்ஸ்டர், கேமேன், 911 என்றால் டூராமெட்ரிக். லேப்டாப்பில் ஓடும், கேபிளோடு வரும், ஆர்வலர் பதிப்பை இத்தனை கார்களுக்குத்தான் பயன்படுத்தலாம் என்ற வரம்பு உண்டு. கம்பெனியின் சொந்தக் கருவியான பிவிஸ் ஷோரூமில் இருக்கும். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பழைய போர்ஷே வாங்குபவருக்கு வேறு எதிலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது. என்ஜின் கம்ப்யூட்டர், சுற்று வேகம் எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு தடவையும் எத்தனை பற்றவைப்பு நடந்தது என்று எண்ணி வைத்திருக்கும், கடைசியாக அது நடந்தது என்ஜினின் எத்தனையாவது மணி நேரத்தில் என்றும் குறித்திருக்கும். இதைத்தான் ஓவர்-ரெவ் ரிப்போர்ட் என்பார்கள். எல்லையை எவ்வளவு தாண்டியது என்பதைப் பொறுத்து அடுக்கடுக்காகப் பிரித்திருக்கும்: 2009க்கு முந்தைய தலைமுறையில் இரண்டு அடுக்கு, அதற்குப் பிறகு ஆறு அடுக்கு. கீழ் அடுக்குகளில் எண் இருந்தால் கவலை இல்லை, ஓட்டியவர் முடுக்கி ஓட்டியிருக்கிறார், அதற்குத்தான் அந்தக் காரைச் செய்தார்கள். மேல் அடுக்கில் எண் இருந்தால், ஐந்தாவதுக்குப் போக வேண்டியவர் மூன்றாவதில் போட்டு என்ஜினை இழுத்திருக்கிறார் என்று பொருள். எண்ணைப் படிக்கவும் தெரிய வேண்டும்: ஆறு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று பற்றவைப்பு, நிமிடத்துக்கு 8000 சுற்றில் ஒரு வினாடிக்கே 400. ஆகவே மேல் அடுக்கில் 200 என்று பார்த்தால் அது அரை வினாடிச் சமாச்சாரம், ஆனாலும் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் அரை வினாடி போதும். அது நடந்து நூற்றுக்கணக்கான மணி நேரம் நன்றாக ஓடியிருக்கிறதா, சென்ற வாரம் நடந்ததா என்பதுதான் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும்.

அதே திரையில் மொத்த இயங்கு நேரமும் இருக்கும். ஓடோமீட்டரில் உள்ள கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்துப் பாருங்கள். 40,000 கிலோமீட்டர், 1,000 மணி நேரம் என்றால் சராசரி நாற்பது, நம் சாலைக்கு நம்பக்கூடியது. அதே 40,000, ஆனால் 2,500 மணி நேரம் என்றால் சராசரி பதினாறு. காளவாசல் சிக்னலிலேயே குடியிருந்த கார் என்றால் ஒழிய அது நடக்காது, மீட்டரை யாராவது பின்னுக்குத் திருப்பியிருக்க வாய்ப்பு அதிகம். எத்தனை லட்சம் பேரம் பேச இடம் கொடுக்கும் எண் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆடி டிடி, போலோ ஜிடிஐ என்று ஃபோக்ஸ்வேகன் குடும்பமாக இருந்தால் இரண்டு வழி. ராஸ்-டெக் கம்பெனியின் விசிடிஎஸ், லேப்டாப்பில் ஓடுவது. ஓபிடிலெவன், போனில் ஓடுவது. எனக்கு விசிடிஎஸ்தான் பிடிக்கும், காரில் உள்ள எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே ஓட்டத்தில் படித்து ஒரு நீளமான அறிக்கையாகத் தரும், அதை அப்படியே தெரிந்தவருக்கு அனுப்பிக் கேட்கலாம். எச்இஎக்ஸ்-வி2 கேபிளை மூன்று கார், பத்து கார், வரம்பில்லை என்று பிரித்து விற்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மூன்று காருக்கானது போதும். மலிவாக வரும் போலிக் கேபிளை வாங்காதீர்கள், சாஃப்ட்வேரை அப்டேட் செய்த அன்று அது வெறும் வயராகிவிடக்கூடும். 2020க்குப் பிறகு வந்த புது மாடல்களில் கம்பெனி பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது, படிக்கலாம், பல இடங்களில் மாற்ற முடியாது.

பிஎம்டபிள்யூ இசட்4-இல் கார் எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்துக் கேபிளே மாறும். 2009இல் வந்த உலோகக் கூரை மடங்கும் தலைமுறைக்கு கே-டிகேன் யூஎஸ்பி கேபிள், அதற்குப் பிறகு வந்த ஜி29 தலைமுறைக்கு ஈநெட் கேபிள். ஈநெட் என்பது நிஜத்திலேயே ஈதர்நெட், அதே பதினாறு பின் சாக்கெட்டில் மூன்று, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று பின்கள் வழியாக ஓடும். இந்தக் கார்களில் பேட்டரி மாற்றினால் புதிய பேட்டரி வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரிக்கான அளவிலேயே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். தெருமுனைக் கடைக்காரர் பேட்டரியை மாட்டிக் கொடுத்துவிடுவார், பதிவு செய்வது நம் வேலை. அதற்காகவே ஒரு கேபிள் வைத்திருக்கலாம்.

டேப்லெட் ஸ்கேனர், பட்டறை, ஷோரூம்

லான்ச், ஆட்டெல் போன்ற டேப்லெட்டுகள் நல்ல கருவிகள், அதில் சந்தேகம் இல்லை. பல கம்பெனிக் கார்களைப் படிக்கும், ஃபேனை ஓடவிட்டுப் பார்க்கலாம், ஏபிஎஸ் பம்பை இயக்கிப் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் அப்டேட்டுக்குக் கட்டணம், முதல் விலையும் அதிகம். நாளைக்குப் பத்து வண்டி பார்க்கும் மெக்கானிக்குக்குச் சரி. ஒரே ஒரு கார் வைத்திருப்பவர் இதை வாங்கினால், எல்லா காரையும் ஓரளவு படிக்கும் கருவி கையில் இருக்கும், தன் காரை முழுதாகப் படிக்கும் கருவி இருக்காது. வீட்டில் நான்கைந்து கம்பெனிக் கார்கள் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பட்டறை பற்றி. மதுரையில் கைவேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமே இல்லை, ஸ்கேனரும் இப்போது பரவலாக வைத்திருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில். வண்டியைக் கொண்டுபோனால் "தம்பி, அழிச்சு விட்டாச்சு, திரும்ப வந்துச்சுன்னா கொண்டு வாங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படியே மாதக்கணக்கில் பி0302-ஐ அழித்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது சிலிண்டரில் பற்றவைப்பு தவறிக்கொண்டே இருந்தது, எரியாத பெட்ரோல் போய்ப் போய்க் கடைசியில் கேட்டலிஸ்ட்டும் போய்விட்டது. இக்னிஷன் காயிலை இரண்டிலிருந்து மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோட் பி0303 ஆக மாறுகிறதா என்று பார்த்திருந்தால் ஒரு காயில் விலையோடு முடிந்திருக்க வேண்டியது. நான் சொல்ல வருவது இதுதான்: கோடை நீங்கள் படித்து, ஃப்ரீஸ் ஃபிரேமோடு எழுதி எடுத்துக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் போங்கள். "அண்ணே, ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர், ஐடிலில்தான் வருது, காயிலை மாத்திப் போட்டுப் பார்ப்போமா?" என்று கேட்டால் வேலை நடக்கும் விதமே மாறிவிடும். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

ஷோரூமைத் தவிர்க்க முடியாத வேலைகளும் உண்டு. சாவி சேர்ப்பது, புது கம்ப்யூட்டருக்கு சாஃப்ட்வேர் ஏற்றுவது, ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கம்பெனி திரும்ப அழைத்துச் செய்துதரும் வேலைகள். இவற்றை வீட்டில் முயன்று பார்க்காதீர்கள்.

செருகி வைத்திருப்பது பற்றி

ஸ்போர்ட்ஸ் கார் தினமும் ஓடுவதில்லை, மூடியைப் போட்டு நிறுத்தி வைத்திருப்போம். பதினாறாவது பின்னில் சாவி எடுத்தாலும் மின்சாரம் வரும் என்று மேலே சொன்னேன் அல்லவா, தூங்கத் தெரியாத நகல் அடாப்டர் ஐம்பது மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 36. எழுபது ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி காலி. சில கார்களில் அடாப்டர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதால் காரின் கம்ப்யூட்டர்களும் தூங்காது, அப்போது இன்னும் சீக்கிரம் தீரும். தானே தூங்கும் அடாப்டராக வாங்குங்கள், இல்லையென்றால் வேலை முடிந்ததும் பிடுங்குங்கள்.

பிடுங்கச் சொல்வதற்குப் பேட்டரி மட்டும் காரணமில்லை. நகல் அடாப்டர்களின் புளூடூத் ரகசிய எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. 2015இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கார்வெட் காரின் ஓபிடி போர்ட்டில் செருகியிருந்த இன்சூரன்ஸ் டாங்கிளுக்கு (இன்சூரன்ஸ் கம்பெனி தரும் சின்னப் பெட்டி) எஸ்எம்எஸ் அனுப்பியே வைப்பரை ஓடவிட்டுக் காட்டினார்கள், மெதுவாகப் போகும்போது பிரேக்கையும் செயலிழக்கச் செய்தார்கள். அந்த டாங்கிள் சிம் வைத்தது, நம் பெட்டி அப்படியில்லை என்றாலும், அந்தப் போர்ட்டில் செருகிய எதற்கும் பிரேக் வரை வழி கிடைக்கக்கூடும் என்பது உண்மை. வேலட் பார்க்கிங்கில் கொடுக்கும்போது கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். கால் வைக்கும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அடாப்டரோடு சிறுமலையின் பதினெட்டு வளைவுகளில் ஏறுவதும் வேண்டாம், கிளட்ச் மிதிக்கும் முழங்கால் அதில் இடித்தால் போர்ட்டே உடையும். மலை ஏறும்போது தண்ணீர், எண்ணெய் வெப்பத்தைப் பார்க்க ஆசையாக இருந்தால் குட்டையான அடாப்டர் வாங்குங்கள், போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

இன்னொன்று: எதையாவது மாற்றி எழுதும்போது பேட்டரி சார்ஜரை மாட்டிக்கொண்டு எழுதுங்கள். சாவி போட்டபடி அரை மணி நேரம் இருந்தாலே வோல்ட் இறங்கும், பாதியில் அறுந்தால் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்காமலே போகலாம். மாற்றும் முன் பழைய அமைப்பைச் சேமித்து வையுங்கள். படிப்பதில் ஆபத்து மிகக் குறைவு, எழுதுவதில்தான் இவ்வளவு கவனம்.

ஆக, மஸ்டாங் வைத்திருப்பவருக்கு ஃபோர்ஸ்கேனும் இரட்டைக் கேன் அடாப்டரும். ஆடிக்கு விசிடிஎஸ். இசட்4-க்குத் தலைமுறைக்கேற்ற கேபிள். லேப்டாப்பைத் தொடவே பிடிக்காதவருக்கு ஓபிடிலெவன் மாதிரி போனில் ஓடுவது, கொஞ்சம் குறையோடு. பணம் இப்போது இல்லை, என்ஜின் லைட் என்னவென்று மட்டும் தெரிய வேண்டும் என்றால் ஐந்நூறு ரூபாய்ப் பெட்டியை வாங்கி, பார்த்ததும் பிடுங்கி வையுங்கள்.

போர்ஷே இன்னும் வாங்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால் டூராமெட்ரிக்கை காருக்கு முன்பே வாங்குங்கள், அல்லது வைத்திருப்பவரைக் கூட அழைத்துப் போங்கள். சென்னைக்கோ கோவைக்கோ கிளம்பும் முன் விற்பவரிடம் போனிலேயே கேட்டுவிடுங்கள்: "அண்ணே, வண்டியைப் பார்க்க வரும்போது போர்ட்ல லேப்டாப் மாட்டி ஓவர்-ரெவ் ரிப்போர்ட் எடுப்பேன், சரியா?" சரி என்றால் கிளம்புங்கள். வேண்டாம் என்றால் வேறு கார் பாருங்கள்.